தீப்பெட்டியில் ஏழு நகங்கள்

பனி வழிக்கும் வண்டியை உறுமவிட்டபடியே
ஆய்வகத்தின் பின்கதவைத் தட்டினான் இல்போ.
ஔலு நகரத்து ஜனவரி.
மணி பத்தாகியும் விடியவில்லை.
கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு
மேல்சட்டைக்குள்ளிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தான்.
"ஏழு இருக்கு. எண்ணித்தான் கொடுத்தா.
எண்ணித்தான் வாங்குவா."

பஞ்சின் மேல்
வெங்காயச் சருகு போல
அவன் மகள் வியெனோவின் விரல் நகங்கள்.
ஒன்றில் மட்டும் ஊதாப் பூச்சு மிச்சமிருந்தது.

நவம்பரில் காய்ச்சல்.
நாக்கில் புண், உள்ளங்கையில் கொப்புளம், பாதத்திலும்.
கை கால் வாய் நோய்தான், ஒரு வாரம், என்றார் மருத்துவர்.
சொன்னபடி ஒரே வாரம்.
கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு காலை,
வலியில்லாமல், சொட்டு ரத்தமில்லாமல்
கம்பளிக் கையுறைக்குள்ளேயே
தங்கிவிட்டது முதல் நகம்.

நகமும் சதையும் போல என்று
எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறோம்.

"சவுனாவுல சூட்டைக் கூட்டிட்டேனோ?"
கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான்.
பிறகு,
"பல் விழுந்தா தண்ணிக் கிளாஸ்ல போட்டுட்டுத் தூங்குவா,
விடிஞ்சா அதுல காசு கிடக்கும்.
நகத்துக்கு என்ன விலைன்னு கேக்குறா."
எனக்கும் தெரியவில்லை.

ஒன்றை அரைக்க வேண்டியிருந்தது.
பூச்சில்லாததாகப் பார்த்து எடுத்தேன்.

நான்காம் நாள் திரையில் ஓடின
ஏழாயிரத்து நானூறு எழுத்துகள்.
நான்கே எழுத்துள்ள மொழி.
முன்பகுதி எனக்குப் பழகிய கையெழுத்து,
மழலையர் காப்பகங்களிலிருந்து ஆண்டுதோறும் வருவது.
பாதி தாண்டியதும்
கை மாறியிருந்தது.

எங்கோ ஒரு குழந்தையின் குடலில்
ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்கள் ஒதுங்கிய நேரம்,
படியெடுத்துக்கொண்டிருந்த நொதி
வரியின் நடுவே ஒரு சுவடியை விட்டு
பக்கத்துச் சுவடிக்குத் தாவியிருக்கிறது,
தூக்கக் கலக்கத்தில் ஏடெழுதுகிறவன் போல.
இல்லை. அதற்குத் தூக்கம் கிடையாது.
அதை ஆளாக்கிப் பார்ப்பது என் கெட்ட பழக்கம்.

தாவாத நாளிலும்
படிக்கொரு பிழை, ஏறக்குறைய.
மெய்ப்புப் பார்க்க ஆளில்லாத அச்சகம்.
பெரும்பாலானவை குப்பை:
உறை மூடாதவை, ஒட்டத் தெரியாதவை.
ஒன்றிரண்டு தப்பும்.
கதவுப் பிடியில்,
மரக்குதிரையின் காதில்,
மூக்கைத் துடைத்த கையில்
அடுத்த பதிப்பு வெளியாகும்.
நாங்கள் அதைப் பிழை என்கிறோம்.
அந்த நான்கெழுத்தில்
பிழை என்று எழுதவே முடியாது.

தொலைபேசியில் சொன்னேன்: "சவுனா இல்லை."
"அப்போ யார் தப்பு?"
வண்டியின் அலகு தார்ச்சாலையைப் பிறாண்டும் சத்தம்.
"வரி மாறிப்போச்சு," என்றேன்.
அதை அவன் எப்படி வாங்கிக்கொண்டானோ,
"சரி, நெடுஞ்சாலைக்குப் போகணும்," என்று வைத்துவிட்டான்.

மாலையில் என் அறிக்கை
சைய்யாவின் மேசையிலிருந்து திரும்பி வந்தது.
குழந்தையின் பெயரில் சிவப்பு வட்டம்.
வியெனா என்று அடித்திருக்கிறேன்.
மூன்று இடத்திலும்.
முதலில் தவறியதை
அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன்.

திருத்தினேன். மறுபடி படித்தேன்.
அவளும் படித்துக் கையெழுத்துப் போட்டாள்.
இரண்டு பேர், ஐந்து நிமிடம், ஒரு பெயருக்கு.

தீப்பெட்டியில் ஆறு நகங்களை அடுக்கி
ஏழாவதன் இடத்தில்
ஒரு யூரோ நாணயத்தை வைத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை இல்போவிடமிருந்து ஒரு படம்:
மோதிர விரலின் அடியில்
அலையலையாய், ஒழுங்கில்லாமல்
மேலேறி வரும் புது நகம்.
கீழே ஒரு வரி:
"விலை கம்மின்னு சொல்றா."